குண்டுக்கரிச்சானும் கருஞ்சிட்டும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காலையில் திருகோணமலைக் கோட்டைப் பக்கம் நடக்கப் போகிறவர்களும், பின்னேர வகுப்புக்கு வருகிற பிள்ளைகளும், கல்யாண வீடுகளில் பக்கத்துக் கதிரையில் இருக்கிறவர்களும் என்னிடம் குருவிகளைப் பற்றிக் கேட்டால், பத்துக்கு ஏழு தரம் அது இந்த இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கும். ஒரே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருவதால் எல்லாவற்றையும் இங்கே ஓரிடத்தில் போட்டிருக்கிறேன். கேள்விகளை, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

"ரீச்சர், எங்கட வளவுக்குள்ள கறுப்பு வெள்ளையா வாலைத் தூக்கிக்கொண்டு திரியுதே, அது என்ன குருவி?"

அது குண்டுக்கரிச்சான். வண்ணாத்திக்குருவி என்றும் சொல்வார்கள். சிங்களத்தில் பொல்கிச்சா. ஆணுக்குத் தலை, தொண்டை, நெஞ்சு, முதுகு எல்லாம் நீலம் பளபளக்கும் கறுப்பு. வயிறு வெள்ளை. சிறகில் நீளவாக்கில் ஒரு வெள்ளைப் பட்டை இருக்கும். வாலின் நடு இறகுகள் கறுப்பாகவும் ஓரத்து இறகுகள் வெள்ளையாகவும் இருப்பதால், பறக்கும்போது வால் விரிந்து வெள்ளை பளிச்சென்று தெரியும். சொண்டு நுனியிலிருந்து வால் நுனி வரை ஏறத்தாழ 20 சென்ரிமீற்றர்.

கிணற்றடி, வேலியோரம், முருங்கை மரத்தடி என்று மனிதரை ஒட்டியே வாழும். ஆட்களைக் கண்டு பெரிதாகப் பயப்படாது.

"அப்ப முழுக்கக் கறுப்பா, வாலுக்குக் கீழ செங்கல் நிறத்தில இருக்கிறது?"

அது கருஞ்சிட்டு. ஆங்கிலத்தில் இந்தியன் ரொபின் என்பார்கள். சிங்களத்தில் இதைக் கறுப்புப் பொல்கிச்சா என்ற அர்த்தத்தில் 'களு பொல்கிச்சா' என்கிறார்கள். குண்டுக்கரிச்சானை விடக் கொஞ்சம் சிறியது, மெலிந்தது. ஆண் கரிய நிறம், தோளில் ஒரு சின்ன வெள்ளைக் கீற்று, வாலின் அடியில் செம்மண் நிறம். அந்தச் செம்மைதான் இதன் முத்திரை.

"தூரத்தில இரண்டும் ஒரே மாதிரித்தான் தெரியுது. டக்கெண்டு எப்படிப் பிரிக்கிறது?"

வயிற்றைப் பாருங்கள். வெள்ளை என்றால் குண்டுக்கரிச்சான், கறுப்பு என்றால் கருஞ்சிட்டு. வயிறு தெரியவில்லை என்றால் வாலுக்குக் கீழே பாருங்கள். கருஞ்சிட்டு வாலைச் சாதாரணமாகத் தூக்காது. முதுகுக்கு மேலால் வளைத்து, நுனி தலையைத் தொடப்போகிற அளவுக்குக் கொண்டுவரும். அப்போது அடியிலிருக்கும் செம்மை முழுவதும் தெரியும். குண்டுக்கரிச்சானும் வாலைத் தூக்கும், ஆனால் அடியில் வெள்ளைதான் இருக்கும்.

தோளிலுள்ள வெள்ளையை மட்டும் நம்ப வேண்டாம். கருஞ்சிட்டின் வெள்ளைக் கீற்று அது நிற்கிற நிலையைப் பொறுத்துக் கூடும், குறையும், சில நேரம் சிறகுக்குள் மறைந்தே போகும். போனில் படம் எடுத்து அனுப்புகிறவர்கள் பலர் இந்த வெள்ளையை வைத்துத்தான் வாதாடுகிறார்கள்.

எங்கே நிற்கிறது என்பதும் பெரிய தடயம். தரையில், கல்லின் மேல், வெட்டவெளியில் துள்ளித் துள்ளித் திரிந்தால் அது அநேகமாகக் கருஞ்சிட்டு. மர நிழல், மதில், கூரை முகடு, ரீவி அன்ரனா என்றால் குண்டுக்கரிச்சான்.

"ஆண் எது, பெண் எது? இந்தியாவில எடுத்த வீடியோவில பெண் நல்ல சாம்பல் நிறமா இருக்கே, இங்க அப்படிக் காணேல்லையே."

நன்றாகக் கவனித்திருக்கிறீர்கள். இந்தியாவின் பெரும்பகுதியில் குண்டுக்கரிச்சான் பெண் தெளிவான சாம்பல் நிறம். ஆணோடு குழம்பவே முடியாது. இலங்கையில் இருப்பது சிலோனென்சிஸ் என்ற துணையினம், அதாவது ஒரே இனத்துக்குள் ஊருக்கு ஊர் வேறுபடுகிற ஒரு வகை. இதன் பெண் கடுமையான நிறம் கொண்டது, ஆணுக்கு மிகக் கிட்டவாக இருக்கும். தென்னிந்தியாவின் தெற்குப் பகுதிப் பறவைகளிலும் இப்படித்தான். ஆகவே இணையத்தில் வரும் படத்தை வைத்துக்கொண்டு எங்கள் ஊரில் பெண்ணைத் தேடினால் கிடைக்காது. இரண்டும் பக்கத்தில் நிற்கும்போது பாருங்கள்: ஆணின் கறுப்பில் நீல மினுக்கம் இருக்கும், பெண்ணின் தொண்டையும் நெஞ்சும் கொஞ்சம் மங்கலாக இருக்கும்.

கருஞ்சிட்டில் இந்தச் சிக்கல் இல்லை. பெண் மண்ணும் சாம்பலும் கலந்த நிறம், தோளில் வெள்ளை கிடையாது. வாலடிச் செம்மை மட்டும் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. தலையும் முதுகும் பழுப்பாக, செதில் செதிலாகத் தெரிகிற ஒன்று வளவுக்குள் வாய் பிளந்துகொண்டு நின்றால் அது குண்டுக்கரிச்சான் குஞ்சு. புது இனம் கண்டுபிடித்துவிட்டோம் என்று யாரும் பதற வேண்டாம்.

"விடியக் காலமை இருட்டுக்குள்ளேயே தொடங்கி ஒண்டு கத்துது. நித்திரை கொள்ள ஏலாமக் கிடக்கு. எது அது?"

அதைக் கத்துகிறது என்று சொன்னால் குண்டுக்கரிச்சான் கோபிக்கும். அது பாடுகிறது. ஆண், வளவில் உயரமான இடம் ஒன்றைப் பிடித்துக்கொண்டு, பள்ளிவாசல் பாங்குக்கும் கோயில் மணிக்கும் இடைப்பட்ட நேரத்தில் தொடங்கிவிடும். நீண்ட சீழ்க்கைகள், ஏற்ற இறக்கங்கள், நடுவில் மற்றக் குருவிகளின் குரலையும் எடுத்துச் செருகும். மாரி முடிந்து தை, மாசிக்குப் பிறகு பாட்டுக் கூடும். பங்குனி, சித்திரையில் உச்சம். இனப்பெருக்க காலத்தில் ஆண் தன் எல்லையை அறிவிக்கவும் பெண்ணைக் கவரவும் பாடுவதால்தான் இப்படி. ஆவணி, புரட்டாதியில் அதே குருவி அதே வளவில் நிற்கும், சத்தத்தைக் காணாது. சிலர் குருவி போய்விட்டது என்று நினைக்கிறார்கள்.

கருஞ்சிட்டின் பாட்டு குறுகியது, மெல்லியது. கலகலவென்று சில சுரங்கள் வரும், முடிந்துவிடும். பக்கத்தில் நின்றால்தான் கேட்கும். வகுப்புப் பிள்ளை ஒருத்தி "அது தனக்குத்தானே பாடுது ரீச்சர்" என்றாள். அதைவிட நன்றாக எனக்குச் சொல்ல வராது.

"இரண்டையும் ஒரே நாளில பார்க்க எங்க போகலாம் அக்கா?"

குண்டுக்கரிச்சானுக்கு நீங்கள் எங்கும் போகத் தேவையில்லை. உவர்மலை, பாலையூற்று, உப்புவெளி என்று மரமுள்ள வளவு எங்கும் உண்டு. பிரெட்ரிக் கோட்டைக்குள் கோணேசர் கோயிலுக்கு ஏறும் பாதையில், மான்கள் படுத்திருக்கிற மர நிழல்களில் கேட்கலாம். கருஞ்சிட்டுக்குக் காய்ந்த திறந்த நிலம் வேண்டும். நிலாவெளியிலிருந்து குச்சவெளிப் பக்கம் போகிற வீதியோரப் பற்றைகள், கன்னியா வெந்நீர் ஊற்றைச் சுற்றியுள்ள கல்லும் பற்றையுமான நிலம், வீடு கட்டக் கல்லும் மணலும் கொட்டிக் கிடக்கிற காணிகள். கடைசியாகச் சொன்னதைப் பகிடி என்று நினைக்காதீர்கள். கற்குவியலும் பாதி எழுந்த சுவரும் அதற்கு மிகவும் பிடித்த இடம்.

வெயில் ஏற முன் போங்கள். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் பத்து மணிக்குப் பிறகு குருவியும் வெளியே நிற்காது, நீங்களும் நிற்க மாட்டீர்கள்.

"என்ன தின்னும்? சோறு வைச்சா வருமா?"

இரண்டும் பூச்சி தின்னிகள். புழு, வெட்டுக்கிளி, கறையான், எறும்பு, சிலந்தி. மழைக்குப் பிறகு ஈசல் எழும்பினால் அன்றைக்கு விருந்துதான். குண்டுக்கரிச்சான் பல்லியையும் விடாது. ஒரு தரம் கிணற்றுக்கட்டில் நின்று பார்த்தேன்: சின்னப் பல்லி ஒன்றைச் சொண்டில் கவ்விக்கொண்டு, சீமெந்தில் இடப்பக்கமும் வலப்பக்கமும் மாறி மாறி அடித்தது. வால் கழன்று விழுந்து தனியாகத் துடித்தது. குருவி வாலைத் திரும்பியும் பார்க்கவில்லை. உடம்பு அசையாமல் போனதும் தலைப்பக்கமாக விழுங்கிவிட்டு, சொண்டைக் கட்டின் விளிம்பில் இரண்டு பக்கமும் துடைத்துக்கொண்டது. கருஞ்சிட்டும் குஞ்சுகளுக்கு ஊட்டுகிற காலத்தில் சின்னத் தவளை, பல்லி பிடிக்கும்.

சோறு வைத்தால் காகமும் மைனாவும்தான் வரும். இந்த இரண்டும் வரவேண்டுமென்றால் வளவில் குப்பைச் சருகைக் கொஞ்சம் விட்டுவையுங்கள். நிலத்தைக் கூட்டித் துடைத்து, பூச்சி மருந்தும் அடித்துவிட்டு, குருவி வரவில்லையே என்றால் அது எதைத் தின்ன வரும்? இருட்டுகிற நேரத்திலும் இரண்டும் இரை தேடும். வீட்டு விளக்கு வெளிச்சத்துக்கு வரும் பூச்சியைக் கருஞ்சிட்டு பிடிப்பதும் உண்டு.

"மதில் ஓட்டைக்குள்ள கூடு ஒண்டு இருக்கு. உள்ளுக்குப் பாம்புச் சட்டை கிடக்குது. பாம்பு வந்து முட்டையைக் குடிச்சிட்டுப் போயிட்டுதா?"

இல்லை, அது கருஞ்சிட்டின் கூடாக இருக்க வாய்ப்பு மிக அதிகம். புல், வேர்களால் கூடு கட்டி, உள்ளே விலங்கு மயிரை விரிக்கும். அதோடு பாம்பு கழற்றிய சட்டைத் துண்டு ஒன்றையும் கொண்டுவந்து வைப்பது இதன் வழக்கம். கல்லிடுக்கு, சுவர் ஓட்டை, மரப்பொந்து எதுவும் போதும். மூன்று, நான்கு முட்டை இடும். பெண் மட்டும் அடைகாக்கும், 10 முதல் 12 நாளில் பொரிக்கும். இலங்கையில் பங்குனி முதல் ஆனி வரை ஒரு தரம், ஆவணி, புரட்டாதியில் இன்னொரு தரம் கூடு வைக்கும்.

குண்டுக்கரிச்சானும் பொந்துக்குள்தான் கூடு வைக்கும்: மரப்பொந்து, சுவர் ஓட்டை, ஓட்டுக்கடியிலுள்ள இடைவெளி, மரப்பெட்டி செய்து தொங்கவிட்டால் அதற்குள்ளும். முட்டை வெளிர் நீலப்பச்சையில் பழுப்புப் புள்ளி போட்டது. இங்கும் கட்டுமான வேலையும் அடைகாத்தலும் பெரும்பாலும் பெண்ணின் தலையில்தான். ஆண் மேலே இருந்து பாடும். இதைச் சொல்கிற ஒவ்வொரு தரமும் பெண்கள் பக்கமிருந்து ஒரு சிரிப்பு எழும்.

எந்தக் கூடென்றாலும் கையை விட்டுப் பார்க்காதீர்கள். ஆட்கள் அடிக்கடி போய் நிற்கிற இடத்தைப் பூனையும் காகமும் கவனித்து வைத்துக்கொள்ளும்.

"மோட்டார் சைக்கிள் கண்ணாடியோட நாள் முழுக்கச் சண்டை பிடிக்குது. விசர் பிடிச்சிட்டுதா?"

கண்ணாடியில் தெரிகிற தன் உருவத்தை, எல்லைக்குள் புகுந்த வேறொரு ஆண் என்று நினைக்கிறது. இரண்டு இனத்து ஆண்களும் இதைச் செய்யும். கூடு வைக்கிற காலத்தில்தான் கூடுதலாக நடக்கும். கண்ணாடியில் ஒரு பழைய சொக்ஸை மாட்டிவிடுங்கள், சண்டை முடிந்துவிடும்.

"சரி, இந்த இரண்டும் சொந்தமா, சும்மா பார்க்க ஒரே மாதிரியா?"

சொந்தம்தான், அதுவும் நெருங்கிய சொந்தம். இரண்டும் இன்று கொப்சிக்கஸ் என்ற ஒரே பேரினத்தில், அதாவது நெருங்கிய இனங்களைச் சேர்த்து வைக்கும் தொகுதியில், இருக்கின்றன. குண்டுக்கரிச்சான் கொப்சிக்கஸ் சௌலாரிஸ், கருஞ்சிட்டு கொப்சிக்கஸ் ஃபுலிக்காட்டஸ். மனிதர் கணக்கில் சொன்னால் ஒன்றுவிட்ட சகோதரங்கள். இரண்டும் சேர்ந்து மஸ்கிகாபிடே என்ற ஈபிடிப்பான் குடும்பத்துக்குள் வருகின்றன.

ஆனால் இந்தச் சொந்தத்தைக் கண்டுபிடித்தது இரண்டும் கறுப்பு என்பதால் அல்ல. நிறத்தை நம்பிப் போனவர்கள் இந்தக் கூட்டத்தில் பல தரம் வழி தவறியிருக்கிறார்கள். அது எப்படி என்று அடுத்த கேள்விகளில் வரும்.

"என்னட்டை இருக்கிற பழைய பறவைப் புத்தகத்தில கருஞ்சிட்டுக்கு வேற அறிவியல் பெயர் போட்டிருக்கே தங்கச்சி. எது சரி?"

ஐயா, உங்கள் புத்தகம் அச்சான காலத்துக்கு அது சரி. கருஞ்சிட்டின் கதை தொடக்கத்திலிருந்தே குழப்பம்தான். பிரெஞ்சு ஆய்வாளர் பிரிசோன் 1760இல் இதை விவரித்தபோது, தன் கையிலிருந்த பறவை பிலிப்பைன்ஸிலிருந்து வந்தது என்று எழுதிவைத்தார். பிலிப்பைன்ஸில் கருஞ்சிட்டே கிடையாது. உயிர்களுக்கு அறிவியல் பெயர் வைக்கும் முறையை அமைத்த லின்னேயஸ் 1766இல் அந்த விவரணையை எடுத்து, வாலாட்டிக் குருவிகளின் பேரினமான மொட்டாசில்லாவில் போட்டார். அந்த முதற் பறவையின் ஊர் புதுச்சேரி என்று பறவை ஆய்வாளர் ஸ்டுவர்ட் பேக்கர் 1921இல் திருத்தும் வரை பிலிப்பைன்ஸ் என்றே ஏட்டில் இருந்தது. குண்டுக்கரிச்சானும் தப்பவில்லை. 1758இல் அதே லின்னேயஸ் அதை மலை மைனாவின் பேரினமான கிராக்குலாவில் சேர்த்திருந்தார்.

1830களின் தொடக்கத்தில் லெசோன் என்ற பிரெஞ்சு ஆய்வாளர் கருஞ்சிட்டுக்கென்று சக்சிகொலொயிடீஸ் என்ற தனிப் பேரினம் அமைத்தார். அதில் வேறு எந்த இனமும் இல்லை, இது ஒன்றே. உங்கள் புத்தகத்தில் இருப்பது அதுதான். 2010இல் சங்ஸ்டர் என்ற ஆய்வாளரும் மற்றவர்களும் ஈபிடிப்பான்கள், சிட்டுகளின் டி.என்.ஏ.யைப் பெருமளவில் ஒப்பிட்டு வெளியிட்டார்கள். அந்தக் காலத்து ஆய்வுகள் கருஞ்சிட்டைக் கொப்சிக்கஸ் கூட்டத்துக்குள்ளேயே கொண்டுபோய் நிறுத்தின. கூட்டத்துக்குள் இருப்பதைத் தனியாகப் பிரித்து வைத்துக்கொண்டு மிச்சத்தை ஒரு பேரினம் என்று சொல்ல முடியாது. ஆகவே தனி வீடு கலைந்தது. கருஞ்சிட்டு கொப்சிக்கஸ் ஆனது.

"குடும்பமும் மாறினதாமே? நாங்கள் படிக்கேக்க இதுகளைத் 'திரஷ்' எண்டுதானே சொல்லித்தந்தவை."

ஆம். முன்பு இரண்டையும் டர்டிடே என்ற திரஷ் குடும்பத்தில் வைத்திருந்தார்கள். தரையில் துள்ளுவது, கால் நீளம், நல்ல குரல் எல்லாம் திரஷ் மாதிரி இருந்தன. மேலே சொன்ன அதே வகை டி.என்.ஏ. ஆய்வுகள்தான் இவற்றை ஈபிடிப்பான்களோடு சேர்த்தன. திரஷ் குடும்பம் பக்கத்துக் குடும்பமாக அப்படியே இருக்கிறது.

"இரட்டைவால் கரிச்சானும் கறுப்புத்தானே, பெயரிலயும் கரிச்சான் எண்டு வருது. அதுவும் சொந்தக்காரனா?"

இல்லை. வயர்க் கம்பியில் இருந்து மாட்டின் பின்னால் எழும்பும் பூச்சியைப் பாய்ந்து பிடிக்கும் அந்த இரட்டைவால், காகத்தின் பக்கத்துச் சொந்தம். குண்டுக்கரிச்சானும் அதுவும் ஒரே மதிலில் பக்கம் பக்கமாக நிற்கலாம். ஆனால் கருஞ்சிட்டின் மண்நிறப் பெண்ணுக்கும் குண்டுக்கரிச்சானுக்கும் இருக்கிற உறவில் பத்தில் ஒரு பங்குகூட அவற்றுக்கிடையில் இல்லை. குண்டுக்கரிச்சானை ஆங்கிலத்தில் 'மக்பை ரொபின்' என்பார்கள். அதில் வரும் 'மக்பை'யும் காகக் குடும்பத்துப் பறவைதான். அதன் கறுப்பு வெள்ளையைப் பார்த்து ஆங்கிலேயர் எங்கள் குருவிக்கு அந்தப் பெயரை ஒட்டவைத்தார்கள்.

"நுவரெலியாவுக்குப் போனபோது இதே மாதிரி ஒண்டு பார்த்தன். கறுப்பு, தோளில வெள்ளை. கருஞ்சிட்டு அங்கேயும் இருக்கா?"

வாலுக்குக் கீழே பார்த்தீர்களா? மலைநாட்டுப் புல்வெளிகளில், தேயிலையோரப் பற்றைகளில் கறுப்பு வெள்ளைப் புதர்ச்சிட்டு இருக்கிறது. ஆண் கறுப்பு, சிறகில் வெள்ளை, பிட்டமும் வெள்ளை, வாலடியில் செம்மை இல்லை. இலங்கையில் அது மலைநாட்டுக் குருவி. நாங்கள் திருகோணமலையில் பார்ப்பது கருஞ்சிட்டு.

அதுவும் இதே ஈபிடிப்பான் குடும்பம்தான், ஆனால் வேறு கிளை. பழைய ஆய்வாளர்கள் கருஞ்சிட்டைப் புதர்ச்சிட்டுப் பக்கம் வைத்துப் பார்த்ததற்குக் காரணமே இந்த உருவ ஒற்றுமை. வெட்டவெளியில், தரையில் பூச்சி பிடித்து வாழ்கிற இரண்டு கிளைகள் தனித்தனியாக ஒரே மாதிரி உருவத்துக்கு வந்திருக்கின்றன.

"பாட்டுப்பறவை எண்டா நல்லாப் பாட வேணும்தானே? காகமும் பாட்டுப்பறவையாம், இதென்ன கூத்து?"

பாட்டுப்பறவை என்பது இனிமைக்குக் கொடுக்கிற பட்டம் இல்லை, ஒரு கிளையின் பெயர். கொம்பைப் பற்றிக்கொண்டு இருக்கும் பறவைகளின் பெரிய வரிசைக்குள், குரலுறுப்பில் நுணுக்கமான தசைகள் கொண்ட ஒரு கிளை இது. குரலுறுப்பு மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரிகிற இடத்தில் இருக்கிறது. இந்தக் கிளையின் குஞ்சுகள் பாட்டைப் பெரும்பாலும் கேட்டுப் பழகிக்கொள்கின்றன. காகம் அந்தக் கிளைக்குள்தான் இருக்கிறது, நாம் ரசிக்காவிட்டாலும்.

எதிர்ப்பக்க உதாரணம் ஆறுமணிக்குருவி. ஐப்பசியளவில் இந்தியாவிலிருந்து வந்து, பின்னேரம் ஆறு மணியளவில் பற்றைக்குள்ளிருந்து இரட்டைச் சீழ்க்கை அடிக்கும் வண்ணக் குருவி. கேட்க இனிமை. ஆனால் அது பக்கத்துக் கிளை, பாட்டுப்பறவைக் கிளையில் இல்லை. குண்டுக்கரிச்சான், கருஞ்சிட்டு இரண்டும் பாட்டுப்பறவைகள். ஒன்று உரக்கப் பாடுவதும் மற்றது மெல்லப் பாடுவதும் அதை மாற்றாது.

"காட்டுக்குள்ள நீள வாலோட, வயிறு செம்மஞ்சளா ஒண்டு பாடும். அதுவும் இந்தக் கூட்டமா?"

அது சோலைபாடி, ஷாமா என்பார்கள். ஆம், அதுவும் கொப்சிக்கஸ்தான். கந்தளாய்ப் பக்கக் காடுகளைப் போல நிழல் அடர்ந்த இடங்களில் இருக்கும்; ஊர் வளவுக்கு வராது. இங்குள்ள வகைக்கு லெக்கெய் என்று பெயர். 19ஆம் நூற்றாண்டில் இலங்கையில் பீரங்கிப் படை அதிகாரியாக இருந்து, பறவைகளை விரிவாக ஆராய்ந்த வின்சென்ட் லெக்கின் நினைவாக வைத்தது. குரலில் இந்தக் குடும்பத்தில் முதலிடம் அதற்குத்தான், குண்டுக்கரிச்சான் ரசிகர்கள் மன்னிக்கவும்.

மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் இந்தக் கூட்டம் நிலத்தைப் பங்கிட்டுக்கொண்ட விதம் விளங்கும். சோலைபாடி காட்டுக்குள், குண்டுக்கரிச்சான் வளவுக்குள், கருஞ்சிட்டு வெட்டைக்குள். மூன்றும் ஒரே பூச்சியைத்தான் தேடுகின்றன, இடம்தான் வேறு.

"கிறிஸ்மஸ் வாழ்த்து அட்டையில வாற சிவப்பு நெஞ்சு ரொபின் இதுதானா?"

அது ஐரோப்பிய ரொபின். அதுவும் ஈபிடிப்பான் குடும்பம், ஆனால் கொப்சிக்கஸ் இல்லை. அமெரிக்காவில் ரொபின் என்பது திரஷ் குடும்பத்துப் பறவை. வெள்ளைக்காரர் போன ஊரெல்லாம் தங்கள் வீட்டுக் குருவியின் பெயரை வைத்ததால் வந்த வினை.

"சொந்தம் எண்டால் இரண்டும் சோடி சேர்ந்து குஞ்சு பொரிக்காதா?"

எங்கள் ஊரில் ஒரே காணியின் இரண்டு ஓரங்களில் இரண்டும் கூடு வைப்பதைப் பார்க்கலாம். ஆனால் அதது தன் இனத்தோடுதான் சோடி. பாட்டு வேறு, ஆட்டம் வேறு, இருக்கிற இடம் வேறு. ஒரே பேரினம் என்பதற்காகக் கலந்துவிடாது.

இனத்துக்குள் கலப்பது வேறு கதை. போர்னியோத் தீவில் ஒரு பக்கம் வெள்ளை வயிற்றுக் குண்டுக்கரிச்சானும் மறுபக்கம் கறுப்பு வயிற்றுக் குண்டுக்கரிச்சானும் இருக்கின்றன. முதலில் பார்க்கிறவர் இரண்டு இனம் என்றே சத்தியம் செய்வார். ஆனால் அவை சந்திக்கிற பகுதிகளில் தாராளமாகக் கலக்கின்றன, ஒரே இனமாகவே வைத்திருக்கிறார்கள். மறுபக்கம், பிலிப்பைன்ஸ் குண்டுக்கரிச்சான் ஏறத்தாழ எங்களுடையதைப் போலவே இருக்கும், டி.என்.ஏ.யைப் பார்த்து அதைத் தனி இனமாகப் பிரித்துவிட்டார்கள். நிறத்தை நம்பிப் போனவர்கள் வழி தவறினார்கள் என்று முன்பு சொன்னது இதையும் சேர்த்துத்தான்.

"டில்லியில இருக்கிற தம்பி சொல்றான், அங்க கருஞ்சிட்டின்ர முதுகு மண்நிறமாம். அப்ப அது வேற இனமோ?"

வேறு துணையினம். வட இந்திய ஆண்களுக்கு முதுகு பழுப்பு, தெற்கே வர வரக் கறுப்பு. இலங்கையில் இருப்பது லியுகோப்டெரஸ், முதுகு கறுத்தது. தம்பியும் நீங்களும் பார்ப்பது ஒரே இனம்தான்.

"குண்டுக்கரிச்சான் ஒண்டைக் கூட்டில வளர்க்க ஆசை. பிடிக்கலாமா நானா எண்டு கேட்டா, உங்களைக் கேக்கச் சொன்னார்."

பிடிக்கக் கூடாது. இலங்கையில் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் 1937இலிருந்து இருக்கிறது. பிறகு பல தரம் திருத்தி இறுக்கியிருக்கிறார்கள். இரண்டு குருவியும் பாதுகாக்கப்பட்டவை.

சட்டத்தை விடுங்கள். சிங்கப்பூரில் குண்டுக்கரிச்சான் ஒரு காலத்தில் சாதாரணக் குருவி. கூண்டுக்காகப் பிடித்ததும் ஒரு முக்கிய காரணமாகி, 20ஆம் நூற்றாண்டுக்குள் அது அங்கே அருகிப் போனது. பங்களாதேசம் இதையே தேசியப் பறவையாக வைத்துக்கொண்டு, தோயேல் என்று கொண்டாடுகிறது. உங்கள் வளவில் ஓட்டை போட்ட மரப்பெட்டி ஒன்றை மதிலுக்கு மேலே, பூனை எட்டாத உயரத்தில் மாட்டிப் பாருங்கள். அதற்கு வாடகை வாங்காமல் பாட்டுக் கேட்கலாம்.

"சீஷெல்ஸிலயும் மடகாஸ்கரிலயும் இந்தக் கூட்டம் இருக்காமே. நடுக்கடல் தாண்டி எப்படிப் போச்சுது? கண்டங்கள் ஒட்டியிருந்த காலத்தில போனதோ?"

கண்டங்கள் ஒட்டியிருந்த காலத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. சீஷெல்ஸின் கருங்கற் தீவுகள் இந்தியாவிலிருந்து பிரிந்து 6 கோடி ஆண்டுகளுக்கு மேலாகிறது. கொப்சிக்கஸ் பேரினம் அவ்வளவு பழையது இல்லை. அந்தப் பிரிவு நடந்து மிக நீண்ட காலத்துக்குப் பிறகு தோன்றியது. ஆகவே இவற்றின் முன்னோர் இந்து சமுத்திரத்தைப் பறந்துதான் கடந்திருக்க வேண்டும். புயல் அடித்துக்கொண்டு போயிருக்கலாம், இடையிலிருந்த தீவுகளில் தங்கித் தங்கிப் போயிருக்கலாம். மாரிக் காற்றில் கொட்டியாரக்குடாவுக்கு வந்து விழுகிற கடற்பறவைகளைப் பார்த்தவர்களுக்குக் காற்றின் பலம் தெரியும்.

சீஷெல்ஸ் இனம் உடம்பு முழுக்கக் கறுப்பு, சிறகில் ஒரு வெள்ளைத் திட்டு. முதற் பார்வைக்கு எங்கள் கருஞ்சிட்டைப் பெருப்பித்த மாதிரித்தான் இருக்கும், வாலடிச் செம்மை மட்டும் இல்லை. ஒரு தரத்துக்கு ஒரு முட்டைதான் இடும். பூனையும் எலியும் தீவுகளில் இறங்கிய பிறகு அழிந்துகொண்டே வந்து, 1960களில் பிரிகேட் என்ற ஒரேயொரு தீவில் இருபதுக்கும் குறைவாக மிஞ்சியது. பூனைகளை அகற்றி, சில பறவைகளை வேறு தீவுகளுக்குக் கொண்டுபோய் விட்டு, இன்று சில நூறாகப் பெருக்கியிருக்கிறார்கள்.